ஓர் இரவில் அடங்காத கோள்

செவ்வாய்க் கோளைப் பற்றி நடத்தப்படும் எந்த நிகழ்ச்சியையும் நான் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன். வந்திருந்தவர் ஒரு வாரம் கழித்து, யார் துணையும் இல்லாமல், தம் வீட்டு வாசலில் நின்று செவ்வாயைக் கைநீட்டிக் காட்டுவாரா? காட்டுவார் என்றால் நிகழ்ச்சி வென்றது. பேச்சாளரின் பட்டம், இயங்கலையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, திடலில் நிறுத்திய டெலஸ்கோப்பின் விலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2018 ஜூலை, 2020 அக்டோபர், 2022 டிசம்பர், 2025 ஜனவரி என நான்கு முறை செவ்வாய் பூமியை நெருங்கி வந்து போயிருக்கிறது. பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் செவ்வாயும் நிற்கும் இந்த எதிர்நிலை ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை வரும். மலாக்காவின் பாச்சாங் தாமான் வீடுகளில் இருக்கும் குடும்பத்துக்கும், ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்டங்களில் மிச்சமிருக்கும் குடும்பத்துக்கும் செவ்வாய் வந்து சேர இரண்டு வழிகளே இருந்தன: ஓர் இயங்கலை உரை, அல்லது டெலஸ்கோப் வைத்து வானம் காட்டும் ஓர் இரவு. இரண்டிலும் உழைப்பு உண்டு, நல்லெண்ணம் உண்டு. ஆனாலும் என் கேள்விக்கு முன்னால் இரண்டும் பெரும்பாலும் தோற்றுவிடுகின்றன.

இயங்கலைக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். 2021 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி விடியற்காலை 4.55க்கு ‘பெர்சவரன்ஸ்’ ரோவர் செவ்வாயில் தரையிறங்கிய செய்தி பூமிக்கு வந்தது. நெற்றியில் பொட்டுடன் நாசாவின் ஸ்வாதி மோகன் அதை அறிவித்ததைத் தோட்டத்துப் பிள்ளையும் கைப்பேசியில் பார்க்க முடிந்தது. செவ்வாயிலிருந்து சமிக்ஞை வந்து சேர அன்று 11 நிமிடத்துக்கு மேல் ஆனது. வளிமண்டலத்தைத் தொட்டதிலிருந்து தரைக்கு வர ரோவருக்கு ஆனது ஏழு நிமிடம். ஆக, உள்ளே நுழைந்துவிட்டது என்ற செய்தி நமக்குக் கிடைத்த நொடியில் அது அங்கே ஏற்கெனவே தரையில் இருந்தது, முழுசாகவோ நொறுங்கியோ. இந்த ஒரு விஷயத்தை நல்ல பேச்சாளர் ஒருவர் படம் போட்டு விளக்கினால், ஒளிக்கும் வேகம் உண்டு என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு ஆயுளுக்கும் பதிந்துவிடும். எந்தத் திடலிலும் எந்த டெலஸ்கோப்பும் இதைக் காட்டாது. விண்கலங்களைப் பொறுத்தவரை திரைதான் நமக்கு வாசல்.

வானம் என்று வரும்போதுதான் திரை வழுக்குகிறது. பெரும்பாலான உரைகள் வேறொரு நாட்டு வானத்தைக் கடன் வாங்கி நமக்குச் சொல்கின்றன. 2018இல் செவ்வாய் தென்வானில் இருந்தது. லண்டனில் அது தொடுவானத்துக்கு மேல் சுமார் 13 பாகைதான் ஏறியது. மலாக்காவில் 62 பாகை. 2025இல் அது வடவானத்துக்குப் போய்விட்டது. லண்டனில் 63 பாகை, இங்கே 67. நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகை தள்ளி இருக்கும் நமக்குச் செவ்வாய் எந்த எதிர்நிலையிலும் உயரத்தில்தான் நிற்கும். ‘தாழ்வாகத் தெரியும், மறைப்பில்லாத இடம் தேடுங்கள்’ என்ற ஐரோப்பியக் குறிப்பைத் தமிழாக்கி நம் பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் தலைக்கு மேலே இருப்பதை விட்டுவிட்டுக் கூரை விளிம்பில் தேடுவார்கள்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் 2020 அக்டோபர் 13தான். அந்த எதிர்நிலையில் செவ்வாய் நள்ளிரவு ஒரு மணி வாக்கில் மலாக்காவில் 87 பாகை உயரத்துக்கு, அதாவது உச்சந்தலைக்கு நேர் மேலே வந்தது. 2035 வரைக்கும் அவ்வளவு பெரிதாகவும் பிரகாசமாகவும் அது தெரியப்போவதில்லை. தொற்றுக் காலம் என்பதால் எல்லாரும் கூகுள் மீட்டில், ஸூமில், முகநூல் நேரலையில் கூடினார்கள். கூட்டம் கூடத்தான் தடை. வாசலில் நிற்கத் தடை இல்லையே. நான் கேட்ட உரைகளில் ஒன்றுகூட, “இரண்டு நிமிடம் கைப்பேசியை வைத்துவிட்டு வெளியே போய் நிமிர்ந்து பாருங்கள், திரும்பி வந்து சொல்லுங்கள்” என்று கேட்கவில்லை. செவ்வாயின் படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள், செவ்வாய் கூரைக்கு மேல் இருந்தது.

தமிழில் நடந்த உரைகளில் இன்னொரு சறுக்கல். இந்தியாவின் செவ்வாய்க் கலமான மங்கள்யான் என்றதும் பேச்சு நம்மவர் பெருமைக்குத் தாவிவிடுகிறது. மயில்சாமி அண்ணாதுரை, திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் என்று பெயர்கள் வரும், கைதட்டல் வரும். பெருமை நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனால் 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அந்தக் கலம் ஏன் நீண்ட கோழிமுட்டைப் பாதையில் சுற்றியது, அப்படிச் சுற்றியதால் கோளின் முழுவட்டத்தையும் ஒரே படத்தில் எப்படிப் பிடித்தது, மீத்தேன் கருவி எதிர்பார்த்த பயனை ஏன் தரவில்லை, ஆறு மாதத்துக்கென்று அனுப்பியது எட்டாண்டுக்குப் பக்கமாக எப்படித் தாக்குப்பிடித்தது என்பதெல்லாம் நேரமின்மையால் விடுபட்டுப் போகின்றன. தோல்வியையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு அறிவியல் எப்படி நடக்கிறது என்று புரியும்.

தமிழில் பேசுவதே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெர்சவரன்ஸ் இறங்கியபோது நாசா ஸ்பானிய மொழியிலும் தனி நேரலை நடத்தியது. தொகுத்து வழங்கியவர் அத்திட்டத்திலேயே பணிபுரிந்த கொலம்பியப் பெண் பொறியாளர் டயானா துருஹில்யோ. தாய்மொழியில் கேட்டால்தான் வீட்டுப் பெரியவர்களும் பக்கத்தில் வந்து உட்காருவார்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நம் கதை வேறு. 2003 ஆகஸ்டு 27இல் செவ்வாய் 5 கோடியே 57 லட்சம் கிலோமீட்டருக்கு வந்தது, ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் இல்லாத நெருக்கம். அதே ஆண்டு ஜனவரியில்தான் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு அறிவியல் ஆங்கிலத்துக்கு மாறியது. அந்தக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டாலும், கோள்களைப் பற்றி வீட்டில் தமிழில் பேச வராத ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. இன்று தாய் தகப்பனாக இருப்பவர்கள் அவர்கள்தாம்.

வீட்டில் செவ்வாயைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதும் தவறு. இருக்கிறது, ஜாதகக் கட்டத்தில். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று வரன் தட்டிப்போன வீடு நம் உறவில் இல்லாமல் இருக்காது. ஆனாலும் உரையாற்றுபவர்கள் இதை ஒன்று கேலி செய்து கடக்கிறார்கள், அல்லது தொடாமலே விடுகிறார்கள். இரண்டும் கேட்பவருக்குச் செய்யும் அவமதிப்பு. செய்ய வேண்டியது எளிய கணக்கு. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் வழக்கம். பன்னிரண்டில் ஐந்து. விலக்குகளைக் கழிக்காமல் பார்த்தால் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். இரும்புத் துருவால் சிவந்த, குறுக்களவில் பூமியில் பாதியே உள்ள ஒரு கோள் இத்தனை கோடிப் பேரின் கல்யாணத்தை ஏன் தடுக்க வேண்டும் என்று அப்புறம் கேட்கலாம். எங்கள் வீட்டுக் கவலையைத் தொடாத செவ்வாய் உரை எங்களுக்கான உரை அல்ல.

இனி வானம் காட்டும் இரவு. விளம்பரத்தில் ஹப்பிள் எடுத்த படம் இருக்கும். ஆவலோடு அம்மா, அப்பா, பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்குப் பத்து இருபது வினாடி கிடைக்கும். எட்டு அங்குல டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் தெரிவது, நீரோட்டத்துக்கு அடியில் கிடப்பதுபோல் நடுங்கும் ஒரு சின்ன ஆரஞ்சு வட்டம். பொறுமையாகப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி: துருவப் பனி. நடுவில் சாம்பல் கறை ஒன்று இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தோன்றும். அந்தக் கறையைப் பிடிக்கக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். பத்து வினாடியில் பழகாது. “இவ்வளவுதானா?” என்று பிள்ளை கேட்கும்.

2025 ஜனவரியில் செவ்வாயின் தோற்ற அளவு 14.6 விகலை. ஐம்பது சென் நாணயத்தை 320 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் அந்த அளவு. டெலஸ்கோப்பில் 130 மடங்கு பெருக்கினால்தான் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலா அளவுக்கு வரும். 2003இல் 75 மடங்கு பெருக்கினால் நிலா அளவு தெரியும் என்று யாரோ எழுதியதில், ‘75 மடங்கு’ மட்டும் உதிர்ந்துபோய், ‘செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியப்போகிறது’ என்ற வதந்தி பிறந்தது. ஆகஸ்டு வந்தால் இன்றும் அது புலனத்தில் சுற்றுகிறது. ஹப்பிள் படத்தை விளம்பரத்தில் போடும் ஏற்பாட்டாளர் அந்த வதந்திக்குத் தம்மை அறியாமல் துணை போகிறார். 2018இல் நடந்ததையும் நினைக்க வேண்டும். அளவில் செவ்வாய் அருமையாக 24 விகலைக்கு வந்தது. ஆனால் கோள் முழுவதையும் மூடிய புழுதிப்புயலால் டெலஸ்கோப்பில் ஒரு விவரமும் தெரியவில்லை. ‘ஆப்பர்சூனிட்டி’ ரோவரைக் கொன்ற புயல் அது. வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், தெரியாமல் போன அந்த வட்டமே பெரிய காட்சியாகியிருக்கும்.

இடமும் தேவையில்லாமல் எட்டப் போகிறது. மஸ்ஜித் தானா பக்கம் தஞ்சோங் பிடாராவில் அல்-குவாரிஸ்மி வானியல் வளாகம் இருக்கிறது. பிறை பார்ப்பதற்கும் மங்கலான விண்பொருள்களுக்கும் அந்தக் கடலோரம் நல்ல இடம். ஆனால் செவ்வாய்க்கு இருட்டே வேண்டாம். எதிர்நிலையில் அது வானத்து மிகப் பிரகாசமான நட்சத்திரங்களோடு போட்டி போடும். பாச்சாங் சாலை விளக்குகளுக்கு நடுவிலும் தெரியும். கார் இல்லாத குடும்பத்தைக் கடற்கரைக்கு அழைப்பதைவிட அருகிலுள்ள தமிழ்ப்பள்ளித் திடலைத் திறந்துவிடுவது மேல்.

நான்கு எதிர்நிலைகளில் மனம் நிறைந்தது ஒன்று. 2018 ஜூலை 28 விடியற்காலை 3.30 முதல் 5.13 வரை முழுச் சந்திர கிரகணம். செம்பு நிறத்தில் நிலா, அதற்குச் சற்றுத் தள்ளிச் சிவப்பாகச் செவ்வாய். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு முன்னால் எழுந்து பழகிய தோட்டத்துப் பெரியவர்களுக்கு அது விழிக்கும் நேரம்தான். கருவி வேண்டியிருக்கவில்லை, வரிசை இல்லை, ஒரே சமயத்தில் ஊரே பார்க்கலாம்.

இங்கேதான் இரண்டு வகை நிகழ்ச்சிக்கும் பொதுவான கோளாறு பிடிபடுகிறது. செவ்வாய் நமக்குக் காட்ட வைத்திருப்பது அதன் முகம் அல்ல, நடை. மாதக்கணக்கில் நட்சத்திரங்களினூடே கிழக்கே போகும், நிற்கும், பின்னால் திரும்பும், மறுபடி நிற்கும், முன்னே போகும். உட்பாதையில் வேகமாக ஓடும் பூமி அதை முந்துவதால் வரும் தோற்றம் இது. பஞ்சாங்கம் இதைத்தான் வக்கிரம் என்கிறது. எதிர்நிலை எப்போதும் வக்கிரத்தின் நடுவில்தான் விழும். வானியலாளர் டைக்கோ பிராகே டெலஸ்கோப் இல்லாத காலத்தில் செவ்வாயின் இடத்தை இரவிரவாகக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளோடு வட்டப்பாதை 8 கலை, அதாவது நிலாவின் அகலத்தில் கால்பங்கு, ஒத்துவராததைக் கெப்ளர் விடாமல் துரத்தினார். 1609இல் கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று அறிவித்தார். வெறுங்கண்ணும் நோட்டும் பொறுமையும் தந்த கண்டுபிடிப்பு. இந்த நீண்ட நடையை நாம் ஓர் இரவுக்குள் திணிக்கிறோம், அல்லது ஒரு மணி நேர உரைக்குள்.

நம்மிடமே முன்மாதிரி உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதை முன்கூட்டியே ஆங்கிலத்திலும் நாட்டு மொழிகளிலும் சிறுநூலாக வெளியிட்டார். சித்தாந்தியும் பண்டிதரும் உரையாடுவதாக அதை அமைத்தார். பஞ்சாங்கம் நம்பும் மக்களை விலக்காமல், அவர்கள் அறிந்த சொல்லாலேயே அவர்களைக் கண்ணால் பார்க்க அழைத்தார். நிகழ்வுக்கு முன்பே, மக்கள் மொழியில், அவர்கள் கவலையோடு. 150 ஆண்டுக்குப் பிறகும் இந்த மூன்றும் சேர்ந்து வரும் செவ்வாய் நிகழ்ச்சி நம்மிடம் அரிது.

அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரி 19. தொலைவு 10 கோடிக் கிலோமீட்டருக்கும் மேல், அளவு 13.8 விகலை. டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் இதை மட்டமான எதிர்நிலை என்று ஒதுக்கி 2035க்குக் காத்திருக்கச் சொல்வார்கள். நான் உடன்படவில்லை. மலாக்காத் தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்நிலை கிடையாது. 2026 நவம்பர் கடைசியில் செவ்வாய் மக நட்சத்திரத்தைக் கடக்கும். 2027 ஜனவரி 10 வாக்கில் நின்று திரும்பும். எதிர்நிலையன்று மறுபடி மகத்துக்கு வடக்கே நான்கு பாகையில் வந்து நிற்கும். மே மாதத்தில் மூன்றாம் முறை கடக்கும். பிப்ரவரி 20 இரவு முழுநிலா மகத்தில், அதை ஒட்டி மாசி மகம். பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து தேர் புறப்பட்டு, செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் மலாக்காத் தமிழர் எல்லாரும் கூடும் நாள்.

ஆகவே என் தீர்ப்பு: இயங்கலை உரை இருக்கட்டும், ஆனால் நவம்பரிலேயே, அரைமணி நேரம், தமிழில், மகத்தை அடையாளம் காட்டுவதற்காக. பிறகு வாரம் ஒருமுறை பிள்ளைகள் நோட்டில் மகத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை விரல் தள்ளிச் செவ்வாய் என்று குறிக்கட்டும். முதல் வாரங்களில் விடியலுக்கு முன், தையில் இரவு பத்துக்கு மேல். மாசி மகத்தன்று கோயில் வாசலில் ஒரு மேசை, பெரிய தாளில் வரைந்த வான்படம், தமிழில் விளக்கத் தெரிந்த இருவர். எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும்: அன்று நிலாவுக்கு அடுத்தபடி பளிச்சென்று தெரிவது செவ்வாய் அல்ல, வியாழன், நீட்டிய கையின் முட்டி அகலத்துக்குள் இரண்டும் இருக்கும், சிவப்பாக இருப்பதே செவ்வாய். டெலஸ்கோப் கொண்டுவருபவர்கள் அதை வியாழன் பக்கம் திருப்பி வைக்கலாம். அதன் நான்கு பெரிய நிலவுகள் பத்து வினாடியிலேயே யார் கண்ணுக்கும் தெரியும்.