டொமிஷியனும் அவனைத் தீட்டிய எழுத்தாளரும்

வெளிப்படுத்தல் நூலைக் குறித்து அருளுரை ஆற்றும்போது நம்மில் பலர் ஒரு படத்தைச் சபையார்முன் வைப்பதுண்டு. உரோமையில் டொமிஷியன் என்னும் கொடுங்கோலன் அரியணையில் வீற்றிருக்கிறான். தன்னை ஆண்டவரென்றும் கடவுளென்றும் அழைக்குமாறு ஆணையிடுகிறான். மறுத்த கிறிஸ்தவர் திரள்திரளாக மடிகின்றனர். யோவான் பத்மு தீவில் தள்ளப்படுகிறார். இப்படம் எளியது, கேட்போர் உள்ளத்தில் விரைவில் பதிவது. ஆயினும், இதனைத் தீட்டியவர் யார், எக்காலத்தில், எந்நோக்கத்தோடு தீட்டினர் என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம்.

இவ்வினாக்கள் வரலாற்று ஆசிரியர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பொய்ச்சான்று கூறலாகாது என்னும் கட்டளை, மாண்டுபோன பகைவனைப் பற்றிப் பேசும்போதும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. மேலும், அரசனைப் பற்றிய படம் பிழைபட்டால், வெளிப்படுத்தல் நூலின் எச்சரிக்கை யாரை நோக்கியது என்பதிலும் நாம் பிழைபட நேரிடும்.

1. ஒரு சாவும் மூவகை உணர்ச்சியும்

டொமிஷியன் கி.பி. 51இல் பிறந்தவன், வெஸ்பேஷியனின் இளைய மகன், எருசலேமை அழித்த தீத்துவின் தம்பி. 81ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பட்டமேறிப் பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். 96ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் தன் அரண்மனையிலேயே கொலையுண்டான்.

அச்செய்தி கேட்டதும் செனட் என்னும் மூதவையின் உறுப்பினர் களிகூர்ந்தனர் என்றும், ஏணிகளைக் கொண்டுவரச் செய்து அவன் உருவங்களை இறக்கி நொறுக்கினர் என்றும், கல்வெட்டுகளில் அவன் பெயரை அழிக்கத் தீர்மானித்தனர் என்றும் சூட்டோனியஸ் எழுதுகிறார். அதே ஆசிரியர், பொதுமக்கள் அச்சாவைப் பெரிதாக எண்ணவில்லை என்றும், படைவீரர் மிகவும் துக்கித்தனர் என்றும் சேர்த்தே கூறுகிறார். படைவீரர் ஊதியத்தை அவன் உயர்த்தியிருந்தான் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஒரே சாவை மூன்று சாரார் மூன்று விதமாக ஏற்றனர். நம் கைக்கு வந்துள்ள வரலாறோ பெரும்பாலும் முதற் சாராராகிய மூதவையார் எழுதியது. அல்லது அவர்களை அண்டி வாழ்ந்தோர் எழுதியது. படைவீரனும் மாகாணத்து உழவனும் நூல் எழுதி வைக்கவில்லை.

2. வாழ்ந்தபோது புகழ்ந்தோர்

அவன் உயிரோடிருந்த நாள்களில் எழுதப்பட்டவை வேறு குரலில் பேசுகின்றன. கவிஞர் மார்ஷியல் அவனை ஆண்டவரென்றும் கடவுளென்றும் பாடினார். அவன் மறைந்து டிரேஜன் ஆளத் தொடங்கியபின், தம் பத்தாம் நூலில், இனி முகமனுக்கு உரோமையில் இடமில்லை என்று அதே கவிஞர் அறிவித்தார். இரண்டு கூற்றும் ஆட்சியிலிருந்தவனுக்கு உகந்தவையாகவே அமைந்தன. எனவே, இரண்டையும் ஒரே அளவு ஐயத்தோடு நோக்குவது முறை.

மற்றொரு கவிஞராகிய ஸ்டேஷியஸ் தரும் செய்தி கவனிக்கத்தக்கது. டிசம்பர்த் திருவிழா ஒன்றில் மக்கள் அரசனை ஆண்டவர் என்று முழங்கினர் என்றும், அந்த உரிமை ஒன்றை மட்டும் அவன் அவர்களுக்கு மறுத்தான் என்றும் அவர் பாடுகிறார். அலுவலர் சார்பில் தான் எழுதிய மடல் ஒன்றை எங்கள் ஆண்டவரும் கடவுளும் கட்டளையிடுகிறார் என்னும் பொருள்படத் தொடங்கினான் என்று சூட்டோனியஸ் கூறுவது இதற்கு நேர்மாறானது. அரசின் நாணயங்களிலோ அலுவல்முறைக் கல்வெட்டுகளிலோ அப்பட்டம் காணப்படவில்லை. அப்பட்டம் வழங்கவேயில்லை என்று இதனால் முடிவு செய்யலாகாது. ஆனால், அது மேலிருந்து வந்த ஆணையைவிடக் கீழிருந்து எழுந்த முகமனாக இருந்திருக்கலாம் என்பதற்கு இங்கே வலுவான குறிப்பு உண்டு. உயிர்த்த கிறிஸ்துவின்முன் தோமா செய்த அறிக்கையை இப்பட்டத்தோடு ஒப்பிட்டுப் பேசுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

யூத வரலாற்றாசிரியர் ஜொசிபசின் சான்றும் உண்டு. தம்மைக் குற்றஞ்சாட்டிய யூதரை டொமிஷியன் தண்டித்தான் என்றும், யூதேயாவிலிருந்த தம் நிலத்துக்கு வரிவிலக்கு அளித்தான் என்றும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு குறிக்கிறார். அரசனின் தயவில் வாழ்ந்தவரின் சான்று என்பதால் இதனையும் அளந்தே கொள்ளவேண்டும்.

3. மாண்டபின் பழித்தோர்

டாசிட்டஸ் உரோமை வரலாற்றாசிரியருள் தலைசிறந்தவர். தம் மாமனார் அக்ரிக்கோலாவின் வரலாற்றை அவர் 98ஆம் ஆண்டளவில் எழுதினார். நூல்கள் எரிக்கப்பட்டதையும், நாவடங்கிக் கழிந்த பதினைந்து ஆண்டுகளையும் அதில் அவர் கூறும் பகுதி எவரையும் உலுக்கும். ஆனால், அந்த ஆண்டுகளில் டாசிட்டஸ் பதவியேற்றம் பெற்றவர். 88ஆம் ஆண்டில் பிரேட்டர் என்னும் நடுவர் பதவியிலும் ஒரு குருத்துவக் குழுவிலும் இருந்தவர். தம் உயர்வை டொமிஷியன் மேலும் வளர்த்தான் என்பதைப் பிறிதொரு நூலின் முகப்பில் அவரே மறைக்காமல் கூறுகிறார். குற்றமற்றோர் சிறைக்குச் சென்றபோது அவர்களை இழுத்துச் சென்றவை மூதவையாராகிய தங்கள் கைகளே என்றும் அவர் அறிக்கையிடுகிறார். அவருடைய எழுத்தின் வெம்மைக்கு அரசன்மீதிருந்த சினம் மட்டும் காரணமன்று. தம் மௌனத்தைப் பற்றிய வெட்கமும் அதில் எரிகிறது.

இளைய பிளினியின் நிலையும் இதுவே. டொமிஷியன் காலத்தில் படிப்படியாகப் பதவிகள் ஏறியவர் அவர். 100ஆம் ஆண்டில் கான்சல் பதவியேற்றபோது, டிரேஜனைப் போற்றி ஆற்றிய நீண்ட உரையில், புதிய அரசனின் ஒளி விளங்கும்படி பழைய அரசனை இருளாகத் தீட்டினார். ஜுவெனல் தம் அங்கத கவிதையில் டொமிஷியனை நீரோவோடு ஒப்பிட்டு, அவன் வழுக்கைத் தலையையும் ஏளனம் செய்தார். அந்தத் துணிவு அவன் மாண்டபின் வந்தது.

இவர்களுள் நடுநிலைக்கு அருகே நிற்பவர் சூட்டோனியஸ். அரசன் தனித்திருந்து ஈக்களைப் பிடித்து எழுத்தாணியால் குத்தினான் என்னும் கதையை நமக்குத் தந்தவர் அவர். அதே நூலில், அவன் நீதி வழங்குவதில் விழிப்பாயிருந்தான் என்றும், மாகாண ஆளுநர்கள் வேறெக்காலத்தும் அத்துணை நேர்மையோடிருந்ததில்லை என்றும் எழுதுகிறார். ஈக்கதை அருளுரை மேடைகளில் வாழ்கிறது. ஆளுநர் பற்றிய குறிப்பு நூலகத்தில் உறங்குகிறது.

4. வதந்தி வரலாறாகும் விதம்

அக்ரிக்கோலா 93இல் இறந்தார். நஞ்சிட்டுக் கொல்லப்பட்டார் என்று ஊரில் ஓயாத பேச்சு இருந்ததென டாசிட்டஸ் எழுதி, உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் தமக்குத் தெரியாது என்று அடுத்தே கூறிவிடுகிறார். அவர் இறந்தவரின் மருமகன். உண்மையை அறியும் வாய்ப்பு மிகுதியாக உடையவர். ஒரு நூற்றாண்டுக்குமேல் கழிந்து எழுதிய டியோ காசியஸோ, டொமிஷியன் அக்ரிக்கோலாவைக் கொன்றான் என்று ஐயமின்றி எழுதுகிறார். இடையில் புதிய சான்று கிடைத்ததாகத் தெரியவில்லை. காலம் சென்றதும், ‘என்பர்’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது.

இவ்வளர்ச்சியை மனத்திற் கொண்டு திருச்சபை எழுத்தாளரிடம் வருவோம்.

5. திருச்சபையின் சான்று

95ஆம் ஆண்டில் அரசனின் உறவினரும் கான்சலுமான ஃபிளேவியஸ் கிளெமன்ஸ் கொல்லப்பட்டார். அவர் மனைவி டொமிட்டில்லா பண்டட்டேரியா தீவுக்குக் கடத்தப்பட்டாள். குற்றம் இறைமறுப்பு என்றும், யூத வழக்கங்களில் சாய்ந்த வேறு பலரும் இவ்வாறே தண்டிக்கப்பட்டனர் என்றும் டியோ கூறுகிறார். இப்பகுதி பதினோராம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் சுருக்கத்தில்தான் நமக்குக் கிட்டியுள்ளது. அதில் கிறிஸ்தவர் என்ற சொல் இல்லை. நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதும்போது, டொமிட்டில்லா கிளெமன்சின் உடன்பிறந்தாள் மகளாகிறாள். தீவு பொந்தியா ஆகிறது. காரணம் கிறிஸ்துவுக்கு அவள் பகர்ந்த சான்றாகிறது.

சர்தை நகர ஆயர் மெலிட்டோ, பேரரசன் மார்க்கஸ் அவுரேலியசுக்கு எழுதிய முறையீட்டில், நீரோவும் டொமிஷியனுமே நம் சமயத்தை இழிவுபடுத்த முயன்றனர் என்கிறார். அவருடைய வாதம் தெளிவானது: தீய அரசரே திருச்சபையைப் பகைத்தனர்; ஆகவே, நல்லரசராகிய நீர் பகைத்தல் தகாது. 197ஆம் ஆண்டளவில் தெர்த்துல்லியன் இவ்வாதத்தையே எடுத்தாண்டார். எனினும், டொமிஷியன் விரைவில் நிறுத்திக்கொண்டான் என்றும், தான் கடத்தியவர்களைத் திரும்ப வரவிட்டான் என்றும் அவர் சேர்க்கிறார். ஹெகேசிப்பஸ் கூறும் கதையில், ஆண்டவரின் உறவினரான யூதாவின் பேரர் இருவர் அரசன்முன் நிறுத்தப்படுகின்றனர். தங்களிடம் 39 பிளெத்திரம் நிலமே உண்டென்று கூறி, உழைத்துக் காய்த்த கைகளைக் காட்டுகின்றனர். அரசன் அவர்களை விடுவித்து, துன்புறுத்தலை நிறுத்த ஆணையிடுகிறான். பழமையான இச்சான்றுகளில் பெருந்திரளான படுகொலை இல்லை என்பதைக் காண்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைட்ஃபுட் ஆயர் போன்ற பேரறிஞர் கிளெமன்சைக் கிறிஸ்தவரெனவே கொண்டனர். 1990இல் லெனார்ட் தாம்ப்சனும், 1992இல் பிரையன் ஜோன்சும் தம் நூல்களில், டொமிஷியன் திருச்சபையைத் திட்டமிட்டுத் துன்புறுத்தினான் என்பதற்குத் தக்க சான்றில்லை எனக் காட்டினர். இதனால் அவன் நல்லவனாகிவிடமாட்டான். மூதவையினர் பலரைக் கொன்றான். கன்னிக் குருத்தி கொர்னேலியாவை உயிரோடு புதைப்பித்தான். யூத வரியைக் கடுமையாக வாங்கினான். தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரை விருத்தசேதனம் அறியும்பொருட்டு மன்றத்தில் சோதித்ததைத் தாம் இளமையில் கண்டதாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். அடுத்த அரசன் நெர்வா அவ்வரியின்பேரில் எழுந்த பொய்வழக்குகளை ஒழித்ததை நாணயத்திலேயே பொறித்தான். இக்குற்றங்கள் சான்றுடையவை. சான்றுடைய குற்றங்கள் இத்தனை இருக்க, சான்றில்லாதவற்றை நாம் சேர்க்கத் தேவையில்லை.

6. நல்லரசனின் ஆளுநர்

மெலிட்டோவின் வாதத்தில் ஒரு பெருங்குறை உண்டு. தீய அரசர் மட்டுமே துன்புறுத்தினர் என்பது உண்மையன்று. கிறிஸ்தவருக்குத் தண்டனை விதித்ததைத் தன் கையாலேயே விவரித்து எழுதிய முதல் உரோமை அலுவலர், டொமிஷியனைப் பழித்து டிரேஜனைப் போற்றிய அதே பிளினிதான். 110ஆம் ஆண்டையொட்டிப் பித்தினியா, பொந்து மாகாணத்தின் ஆளுநராகச் சென்ற அவர், தாம் கிறிஸ்தவரென மூன்றுமுறை அறிக்கையிட்டு நிலைநின்றோரைக் கொலைக்கு அனுப்பியதாக அரசனுக்கு எழுதுகிறார். சபையில் பணிவிடைக்காரிகள் எனப்பட்ட அடிமைப் பெண்கள் இருவரை வதைத்து விசாரித்ததாகவும் எழுதுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே விசுவாசத்தை விட்டவரும் இருந்தனர் என்னும் அவருடைய குறிப்பு டொமிஷியனின் காலத்தை எட்டுகிறது. ஆனால், அவர்கள் எதனால் விட்டனர் என்பதை அவர் சொல்லவில்லை. டொமிஷியனைத் தூற்றுவதற்குக் கிடைத்த அந்த வாய்ப்பையும் அவர் பயன்படுத்தவில்லை. டிரேஜனின் மறுமொழி அமைதியானது: கிறிஸ்தவரைத் தேடித் திரியவேண்டா, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கவேண்டும், பெயரில்லா முறையீடுகளை ஏற்கவேண்டா.

பிளினி ஈக்களைக் குத்தியவரல்லர். நட்பில் இனியவர், கல்வியைப் பேணியவர், அடிமைகளிடம் இரக்கம் காட்டியவர் என்று தம் மடல்களில் தோன்றுபவர். அம்மடல்களை வாசிக்கும் எவரும் அவரோடு உணவருந்த விரும்புவர். அந்தக் கையே வதைக்கும் ஆணையை எழுதியது.

7. அருளுரைக்கு

யோவானின் தரிசனம் டொமிஷியனின் ஆட்சி முடிவில் உண்டானது என்று ஐரேனியஸ் கூறுவதை ஏற்பதற்குத் தடையில்லை. ஆனால், நூலில் அரசன் பெயர் எங்கும் இல்லை. ஏழு சபைகளுக்கான மடல்களில் கொலையுண்டவராகப் பெயர் குறிக்கப்படுபவர் பெர்கமு நகரத்து அந்திப்பா ஒருவரே. லவோதிக்கேயாவுக்கு வரும் கண்டனமோ செல்வத்தில் நிறைவு கண்டதற்காக. எபேசில் பேரரசர் குடும்பத்துக்கு 89, 90ஆம் ஆண்டளவில் எழுந்த கோவிலை ஆசிய மாகாணத்து நகரத்தார் மகிழ்ச்சியோடு தம் பெயர்களைப் பொறித்து அர்ப்பணித்தனர். உலகம் முழுதும் வியந்து மிருகத்தின் பின்னே சென்றது என்னும் தரிசனத்துக்கு இக்கோவிலைவிடச் சிறந்த விளக்கவுரை அரிது. பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோனுக்காகப் புலம்புவோர் வணிகரும் மாலுமிகளும் ஆவர். அவர்கள் இழந்த சரக்குகளின் பட்டியல் மனித உயிர்களோடு முடிகிறது.

பித்தேறிய ஒருவனை அரியணையில் அமர்த்திவிட்டால் இந்நூல் நமக்கு எளிதாகிவிடும்; அத்தகையவன் நம் ஊரில் இல்லையென்று சபையார் நிம்மதியோடு வீடு செல்வர். சீரான ஆட்சி, நேர்மையான ஆளுநர், செழித்த வாணிகம், இவற்றோடு இணங்கிப் போன பக்தி ஆகியவற்றை அது சாடுகிறது என்றால், கேட்பவரும் உரைப்பவரும் தம்மையே ஆராயவேண்டிவரும். வரலாற்றை உள்ளபடி கூறுவதால் திருமறையின் கூர்மை குறைவதில்லை.

பித்தினியாவில் வதையுண்ட அந்த இரு பெண்களின் பெயர்களைப் பிளினி எழுதவில்லை. கொடுங்கோலன் என்று எவரும் பழிக்காத ஓர் அரசனின் காலத்தில், நல்லவரென்று எல்லாரும் போற்றிய ஓர் ஆளுநரின் முன்னிலையில் அவர்கள் சான்று பகர்ந்தனர். வெளிப்படுத்தல் நூலை அடுத்தமுறை விளக்கும்போது டொமிஷியனைப் பற்றிய பேச்சைச் சற்றுக் குறைத்து, அவர்களைச் சபையார்முன் நிறுத்துவோமாக.