179 மதிப்பெண்ணுக்குப் பின்னால்

அமெரிக்காவில் சட்டக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு எல்சாட் முதன்முதலில் நடந்தது 1948இல். ஹார்வர்ட் சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1950இல்தான். அந்த வரலாற்றுக்கு 2001இல் வந்த ‘லீகலி பிளாண்ட்’ திரைப்படம் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறது. இளஞ்சிவப்பு உடுத்தும் எல் வுட்ஸ் 180க்கு 179 வாங்குகிறாள். அலங்கரித்துக்கொள்ளும் பெண்ணுக்கு மூளை இருக்காது என்ற நினைப்புக்கு அது நல்ல அடி.

எனக்கு உறுத்துவது விண்ணப்பக் காட்சி. மேசையைச் சுற்றி ஆண்கள். கையில் அவள் மதிப்பெண். எதிரே திரையில் அவள் நீச்சலுடைக் காணொளி. எதற்காக இடம் கொடுத்தார்கள் என்ற கேள்வியைப் படம் நகைச்சுவையாக்கிக் கடந்துவிடுகிறது.

அவள் படிக்கும் காட்சிகள் இன்னும் உறுத்துகின்றன. வசதியான குடும்பம், கூடவே துணைநிற்கும் தோழிகள். சமைக்கவோ சம்பாதிக்கவோ யாரையும் பராமரிக்கவோ வேண்டியதில்லை. அவள் உழைத்தாள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உழைக்க நேரம் யாருக்கு வாய்க்கிறது என்று கேட்காத வெற்றிக்கதை, அந்த நேரமே கிடைக்காத பெண்ணைப் பார்த்து, நீ முயலவில்லை என்றுதான் சொல்லும்.