ஏற்றலும் இரத்தலும்: மொரோக்கோ யூதர்களை முன்வைத்து

அரபு நாடொன்றில் சிறுபான்மை யூதர்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் மொரோக்கோவைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1950-51இல் ஈராக்கிலிருந்து ஏறத்தாழ 1,20,000 யூதர்கள் குடியுரிமையை இழந்து வெளியேறினார்கள். இன்று அங்கே எஞ்சியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மொரோக்கோவிலோ இன்னும் சுமார் 2,000 பேர் வாழ்கிறார்கள். ஜெப ஆலயங்கள் இயங்குகின்றன. காசாபிளாங்காவில் சிமோன் லெவியின் முயற்சியால் 1997இல் திறக்கப்பட்ட யூத அருங்காட்சியகம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் அரசியல் சட்ட முகவுரை, தேசிய அடையாளத்தை வளப்படுத்திய ஊற்றுகளில் ஒன்றாக ஹீப்ரு மரபையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இதையெல்லாம் மறுப்பது என் நோக்கமில்லை. எனக்குச் சிக்கல் 'ஏற்பு' என்கிற சொல்லோடுதான். தமிழில் ஏற்றல் என்பதற்கு ஒப்புக்கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு, இரத்தல் என்றும் பொருள் உண்டு. ஒருத்தர் ஏற்றுக்கொள்கிறார் என்றால் இன்னொருத்தர் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். இஸ்லாம் வருவதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் இருந்த ஒரு சமூகம், எப்படி அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது?

அரசு சொல்லும் கதையாடலின் மையத்தில் ஐந்தாம் முகம்மது மன்னர் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது தம் யூதக் குடிகளைக் காத்தவர் என்பது அந்தக் கதை. மொரோக்கோவிலிருந்து யூதர்கள் மரண முகாம்களுக்கு அனுப்பப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் யூதர்களைக் கல்வியிலும் தொழில்களிலும் ஒதுக்கிய விஷி அரசின் சட்டங்கள், 1940லும் 1941லும் அதே மன்னரின் ஆணைகளாகத்தான் அங்கே வெளியாயின. காலனியக் கட்டாயம் என்று சொல்லலாம், சரி. ஆனால் 'காத்த மன்னன்' என்று கதை சொல்லும்போது இந்த ஆணைகள் மட்டும் எங்கே காணாமல் போகின்றன?

1948இல் அங்கே ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அந்த வருஷம் ஜூன் மாதம் ஊஜ்தாவிலும் ஜெராதாவிலும் நடந்த வன்முறையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1956 விடுதலையை ஒட்டி அமைந்த முதல் அமைச்சரவையில் ஒரு யூதரும் இருந்தார். அதே காலத்தில் வெளியேற விரும்பிய யூதர்களுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1961 ஜனவரியில் அவர்களை ரகசியமாக ஏற்றிச் சென்ற ஒரு படகு மூழ்கி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு பணம் கைமாறியது, கதவு திறந்தது. 1964க்குள் ஏறத்தாழ 90,000 பேர் போய்விட்டார்கள். போவதையும் இருப்பதையும் அவர்களுக்காக வேறு யார்யாரோ பேரம் பேசினார்கள். மிச்சமிருக்கும் 2,000 பேரைக் காட்டிச் சகிப்புத்தன்மை என்று பேசுவது இந்த வரலாற்றின் மேல் விரித்த ஜமுக்காளம்.

இந்தச் சகிப்புத்தன்மையை உரசிப் பார்க்க ஒரு மனிதரின் வாழ்க்கை போதும். 1926இல் காசாபிளாங்காவில் பிறந்த யூதர் ஆப்ரஹாம் செர்ஃபாத்தி. சுரங்கப் பொறியாளர், மார்க்சியர், பிரெஞ்சுக் காலனியத்தை எதிர்த்துச் சிறை கண்டவர். 1968இல் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்றதற்காக வேலையை இழந்தார். தன்னை அரபு யூதன் என்றே சொல்லிக்கொண்டார், சியோனிசத்தை எதிர்த்தார். மேற்கு சஹாரா மக்களின் சுயநிர்ணய உரிமையை ஆதரித்தார். 1974இல் கைதாகி 17 வருஷம் சிறையில் இருந்தார், சித்திரவதைப்பட்டார். 1991இல் விடுதலை செய்த கையோடு இரண்டாம் ஹசனின் அரசு அவரை நாடுகடத்தியது. சொன்ன காரணம்தான் முக்கியம்: அவருடைய தகப்பனார் பிரேசில்காரராம், ஆகவே இவர் மொரோக்கோ நாட்டவரே இல்லையாம்! மன்னர் இறந்தபிறகு, 1999இல்தான் அவரால் திரும்ப முடிந்தது.

அடங்கியிருக்கும் யூதன் தேசத்தின் ஆபரணம், எதிர்த்துப் பேசும் யூதன் அந்நியன். அவரோடு சிறைப்பட்ட முஸ்லிம் தோழர்களும் கொடுமை அனுபவித்தவர்கள்தான். ஆனால் நீ இந்த நாட்டுக்காரனே இல்லை என்று அவர்களிடம் சொல்ல அரசுக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வாக்கியம் யூதனுக்கென்றே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஏற்பு என்பது எந்த நேரமும் திருப்பிக் கேட்கக்கூடிய கடன் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

2020 டிசம்பரில் மொரோக்கோ இஸ்ரேலுடன் உறவைப் புதுப்பித்தது. கூடவே மேற்கு சஹாரா மீதான மொரோக்கோவின் இறையாண்மையை அமெரிக்கா அங்கீகரித்தது. தங்கள் யூத மரபை அரசு அப்போது பெருமையோடு நினைவுகூர்ந்தது. எந்த சஹாராவுக்காகப் பேசி ஒரு யூதர் நாட்டை இழந்தாரோ, அதே சஹாராவுக்கான பேரத்தில் யூத மரபு செலாவணியாயிற்று.

இஸ்ரேலியத் தேசியம் இந்த மக்களைத் தாயகம் திரும்பியவர்கள் என்கிறது. அரபுத் தேசியம் விட்டுப்போனவர்கள் என்கிறது. இரண்டிலுமே 'அரபு யூதன்' என்கிற கூட்டுச்சொல்லுக்கு இடமில்லை. எத்மோன் அம்ரான் எல் மாலே தம் 63ஆவது வயதில் வெளியிட்ட முதல் நாவல், அசீலா நகரின் கடைசி யூதனின் மரணத்தைப் பற்றிப் பேசுகிறது. அவரும் கம்யூனிஸ்ட்டாக இருந்தவர், சியோனிசத்தை ஏற்காதவர், நெடுங்காலம் பாரீஸில் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்தவர். 2010 நவம்பரில் அவரும் செர்ஃபாத்தியும் மூன்று நாள் இடைவெளியில், மொரோக்கோ மண்ணிலேயே இறந்தார்கள்.

ஆக, சிறுபான்மையினர் பத்திரமாக இருக்கிறார்களா என்கிற கேள்வி போதாது. பத்திரத்தை மன்னர்களும் கொடுப்பார்கள். அரசை எதிர்த்து நின்ற மறுநாளும் அவர்கள் அந்த நாட்டுக்காரர்களாகவே இருக்க முடிகிறதா என்று கேட்க வேண்டும்.