தெல்கமுவ விகாரையின் குரக்கன் கல்

குருவிட்ட தெல்கமுவ ரஜமகா விகாரையின் பெருமை ஒரு குரக்கன் கல்லில் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் புத்தரின் தந்த தாதுவை அந்தக் கல்லுக்குள் 43 ஆண்டுகள் ஒளித்துக் காத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிறகு மன்னன் முதலாம் விமலதர்மசூரியன் அதைக் கண்டிக்குக் கொண்டுபோனான். மன்னர்கள் போற்றிய பொருளுக்கு மறைவிடமாக அமைந்தது ஓர் அடுக்களைச் சாமான். எத்தனை பொருத்தம்!

குரக்கன் அரைக்கும் திரிகையை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். மேல்கல்லின் குழியில் ஒரு பிடி தானியம். கைப்பிடியைப் பற்றி ஒரே சீராகச் சுற்ற, ‘கர்ர்’ என்று அடங்கிய குரலில் கல் பேசத் தொடங்கும். அள்ளிப் போட்டால் மாவு குறுணலாகும். குறைத்துப் போட்டால் கல்லோடு கல் உரசும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும். விளிம்பெங்கும் செம்பழுப்பு மாவு இளஞ்சூட்டோடு உதிரும். மண்வாசம் கலந்த மணம் எழும். வழுவழுப்பாகிவிட்ட கல்லை உளியால் கொத்தினால் மறுபடியும் பல் முளைக்கும். பிட்டுக்கும் ரொட்டிக்கும் பொறுமையாக மாவு தந்த கல் இது, வணங்கத் தகுந்தது.