புகை சொல்லும் காரணம்

பிரிட்டனில் வருடாந்தரச் சோதனையில் தோற்றுவிட்ட ஒரு பெட்ரோல் காரின் புகை அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு, எந்த உதிரிப் பாகத்தையும் உடனே மாற்றத் துணியாமல், அதிலுள்ள இலக்கங்களை நிதானமாக நோக்குகிற மெக்கானிக்கிடம் எனக்கு அபார மரியாதை உண்டு. எஞ்சின் நிமிஷத்துக்கு 2500 முதல் 3000 சுற்று வேகத்தில் ஓடும்போது கார்பன் மோனாக்ஸைடு 0.2 சதவிகிதத்தையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கையும் தாண்டலாகாது, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையே நிற்க வேண்டும் என்பது பொது விதி. கார்பன் மோனாக்ஸைடு மிகுந்து லாம்டா தாழ்ந்தால் பெட்ரோல் மிகுதி. ஹைட்ரோகார்பனும் பிராணவாயுவும் சேர்ந்து உயர்ந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி பொய்த்திருக்கிறது. இவற்றைவிட நான் வியப்பது, ஆக்ஸிஜன் சென்ஸாருக்கு முன்னால் புகைக்குழாயில் விழுந்திருக்கக்கூடிய சிறு ஓட்டையை நினைவுகூரும் விவேகத்தையே: அதன் வழியே வெளிக்காற்று புக, பெட்ரோல் குறைவென்று சென்ஸார் பொய்ச் சாட்சி சொல்ல, கணினியும் அதை நம்பி மேலும் பெட்ரோலைப் பொழிய, புகையைச் சுத்திகரிக்கும் நிரபராதியான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் குற்றவாளியென்று கழற்றப்பட்டுவிடுகிறது! எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதானா சோதித்தார்கள் என்று முதலில் விசாரிப்பவரே என் அபிப்பிராயத்தில் உத்தமமான தொழிலாளி. ஏறக்குறைய 250, 300 டிகிரி செல்ஸியஸை எட்டும் வரை அந்தக் கன்வெர்ட்டர் தன் காரியத்தைச் சரிவரத் தொடங்குவதே இல்லை.