இழுத்து விடும் வரிசை

2018க்கு முன்பு வரை பொறியியல் கலந்தாய்வு என்றால் நெய்வேலி பிள்ளைகள் அப்பாவோடு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம் செய்து கிண்டிக்குப் போக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து, அப்போது காலியாக இருந்த இடங்களில் ஒன்றைச் சொல்லிவிட்டு வருவார்கள். அந்த ஆண்டில் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. இப்போது விருப்பப் பட்டியலை முன்கூட்டியே வரிசைப்படுத்தித் தர வேண்டும். தரவரிசையில் நம் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் காலியாக உள்ள இடத்தை ஒதுக்குவார்கள். நான்காவதும் ஐந்தாவதும் இடம் மாறினால் பிள்ளை படிக்கும் கல்லூரியே மாறக்கூடும்.

பல வீடுகளில் இந்த வரிசை முதலில் உருவாவது கைபேசியில், ஏதோ ஒரு குறிப்புச் செயலியில்தான். அங்கே வரிசையை மாற்றுவதற்குப் பெரும்பாலும் தருவது, ஒரு வரியை விரலால் இழுத்து வேறிடத்தில் விடும் வசதி. நான் எடைபோட வருவது இந்த வசதியைத்தான். கலந்தாய்வுத் தளத்தைப் பற்றி இங்கே பேசவில்லை.

இதன் பலம் உண்மையானது. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். தொட்ட வரி எழும்பி வருகிறது, மற்றவை விலகி வழிவிடுகின்றன, விட்ட இடத்தில் உட்காருகிறது. ஏழெட்டு வரிகள் உள்ள பட்டியலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செயலி எழுதுபவர்களுக்கும் எளிது: ஆண்ட்ராய்டில் ரீசைக்ளர்வியூவோடு ஐட்டம்டச்ஹெல்பரைச் சேர்த்தால் சில வரிகளில் வேலை முடியும், ஃப்ளட்டரில் ரீஆர்டரபிள்லிஸ்ட்வியூ தயாராகவே இருக்கிறது. இவ்வளவு சுலபம் என்பதாலேயே எந்தப் பட்டியலுக்கும் யோசிக்காமல் இதைப் பொருத்திவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 400க்கு மேல். விருப்பங்களுக்கு உச்சவரம்பு இல்லாததால் அறுபது எழுபது வரிகள் சாதாரணமாகச் சேர்ந்துவிடும். கைபேசித் திரையில் ஒரே நேரத்தில் தெரிவதோ ஏழெட்டு. 52ஆம் வரியை 4ஆம் இடத்துக்குக் கொண்டுபோக, திரையின் மேல் விளிம்பில் விரலை அழுத்திப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். பட்டியல் மெதுவாக நகர்ந்து, பிறகு வேகம் பிடித்து, நான்கைத் தாண்டி ஒன்றுக்கே போய்விடும். இழுக்கும் வரியை விரலே மறைத்துவிடுகிறது. ஒரே கல்லூரியின் கணினி அறிவியலும் தகவல் தொழில்நுட்பமும் அடுத்தடுத்து நின்றால், எது எங்கே விழுந்தது என்று சட்டென்று தெரியாது. இன்னொரு தொல்லை, பட்டியலை நகர்த்த வைத்த விரல் அரை வினாடி தயங்கினால் போதும், அழுத்திப் பிடித்ததாகக் கொண்டு ஒரு வரி கையோடு வந்துவிடும். தெரியாமல் நடந்த மாற்றத்தை யார் திருத்துவது? வரியின் ஓரத்தில் மூன்று கோடு போட்ட கைப்பிடியைத் தொட்டால் மட்டுமே இழுக்கலாம் என்று வைத்தால் இது பெருமளவு தீரும். அந்தக் கைப்பிடியும் விரலுக்கு எட்டும் அளவில், கூகுள் சொல்லும் 48 டிபியாவது இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை இதைவிட மோசம். வரி நகரும்போது பலர், பழைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிப்போடும் நிரலை எழுதிவிடுகிறார்கள். அடுத்தடுத்த வரிகளுக்கு அது சரி. விரல் வேகமாகப் போய் 5இலிருந்து நேரே 9க்குத் தாவினால், திரையில் 6 முதல் 9 வரை ஒவ்வொரு படி மேலே ஏறும். உள்ளே தரவிலோ 9 மட்டும் 5க்குப் போய்விடும். கண்ணில் பட்ட வரிசை ஒன்று, சேமிக்கப்பட்டது வேறொன்று. எடுத்துச் செருகுவதுதான் சரியான முறை. ஒவ்வொரு நகர்வுக்கும் சர்வருக்குச் செய்தி அனுப்புவதும் தவறு. சிக்னல் மந்தமாக இருந்தால் பின்னால் அனுப்பியது முன்னால் போய்ச் சேரும். விரலை எடுத்த பிறகு ஒரே முறை அனுப்பி, பதில் வந்த பின்பே ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்ட வேண்டும்.

கை நடுங்குபவர்களுக்கும், டாக்பேக் குரலைக் கேட்டுக் கைபேசியை இயக்கும் பார்வையற்ற மாணவர்களுக்கும் இழுப்பது பெரும்பாடு. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறை, இழுப்பது இன்றியமையாததாக இருந்தாலன்றி, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல் தொட்டும் செய்ய முடிய வேண்டும் என்கிறது. அதைக் கூடுதல் வசதியாக ஒதுக்குவது நியாயமில்லை; அந்த மாணவரும் அதே கலந்தாய்வுக்குத்தான் வருகிறார்.

என் தீர்ப்பு இது: ஒரு திரைக்குள் அடங்கும் பட்டியலுக்கு இழுத்து விடுவது போதும். அதைத் தாண்டினால், வரிசை எண்ணைத் தொட்டு 52ஐ 4 என்று தட்டச்சு செய்யும் வழியே முதன்மையாக இருக்க வேண்டும். இழுப்பது துணைக்கு இருக்கட்டும். கடைசி மாற்றத்தைத் திரும்பப் பெறும் பொத்தான் இரண்டுக்கும் கட்டாயம்.

செயலிகள் அப்படி மாறும் வரை, பட்டியலை உறுதி செய்யுமுன் செயலியை மூடி மறுபடி திறந்து, தாளில் எழுதிய வரிசையோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசித் தேதி முடிந்தபின் மாற்ற இடமில்லை.