எந்திரம் தீட்டிய அந்தி: ஓவியர் யார்?

வல்லம் வடகால், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் சி.என்.சி. எந்திரம் உலோகத்தைச் செதுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயினும் அந்தப் பாகத்தை எந்திரம் 'வடிவமைத்தது' என்று எவரும் சொல்வதில்லை. எங்கே, எத்தனை மில்லிமீட்டர் வெட்டவேண்டும் என்று ஒரு மனிதர் முன்னதாகவே வரைபடத்தில் தீர்மானித்துவிட்டார். எந்திரம் அவர் கையின் நீட்சியே.

இந்த அளவுகோலைக் கொண்டு 'சூர்யாஸ்த்' என்னும் ஓவியத்தை ஆராய்வோம்.

தில்லி வழக்கறிஞர் அங்கித் சஹானி, 'ராகவ்' என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் மூன்றைக் கொடுத்தார்: தாம் எடுத்த அந்திநேரப் புகைப்படம், 1889-இல் வான்கோ தீட்டிய 'விண்மீன் இரவு' ஓவியம், அந்தப் பாணி எவ்வளவு அழுத்தமாகப் படியவேண்டும் என்பதற்கு ஓர் எண். கிடைத்த படத்திற்கு மனிதரையும் மென்பொருளையும் இணை ஆசிரியர்களாக 2020-இல் நம் நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்தது. மறு ஆண்டே, பதிவைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு அனுப்பியது. கனடா 2021-இல் பதிவு செய்தது. அமெரிக்கா 2023 டிசம்பரில் முடிவாக மறுத்தது.

ஒரே படத்திற்கு ஏன் இத்தனை தீர்ப்புகள்?

இத்தகைய மென்பொருள், புகைப்படத்தின் உருவ அமைப்பையும் ஓவியத்தின் வண்ணச் சுழிப்புகளையும் எண்களாக மாற்றிக்கொள்கிறது. பிறகு, இரண்டுக்கும் பொருந்தும்படி புதுப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிடுகிறது. எந்தச் சுழிப்பு எங்கே விழவேண்டும் என்று சஹானி சொல்லவில்லை, கணக்கு சொன்னது. சி.என்.சி. எந்திரத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

"புகைப்படக்காரரும் பொத்தானைத்தானே அழுத்துகிறார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கோணம், ஒளி, கணம் ஆகியவற்றை அவர் தேர்கிறார். சஹானியின் புகைப்படம் அவருடையதே. அதன் மீது எந்திரம் ஏற்றியதுதான் வழக்கு.

நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1994-இல் திருத்தப்பட்டது. கணிப்பொறி வழியே உருவாகும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்றது அத்திருத்தம். வரைபடம் போட்டவரா, பொத்தானைத் தட்டியவரா? அச்சொற்கள் இருவரையும் பிரித்துக் காட்டவில்லை.

எந்திரத்தை இணை ஆசிரியராக்கினால் விளைவது இன்னும் விபரீதம். ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நிலைக்கும். இணை ஆசிரியர்களானால், கடைசியாக இறப்பவரை வைத்துக் கணக்கு. மென்பொருளுக்கு மரணம் ஏது? அந்தப் படம் என்றைக்குமே பொதுச்சொத்தாகாது! எனவே அந்த முதல் பதிவு தவறு என்பதே என் கருத்து.

அதற்காக, எந்திரம் தொட்டதெல்லாம் காப்புக்கு அருகதையற்றது என்பதும் சரியன்று. ஸ்ரீபெரும்புதூரில் பிளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். கையால் வரைந்து, எந்திரம் தந்ததில் வேண்டியதைத் தேர்ந்து, நிறம் மாற்றி, எழுத்தை அடுக்கினாரானால் அந்த உழைப்பில் அவருடைய தீர்மானங்கள் உண்டு. அந்த அளவுக்கு உரிமையும் வேண்டும். வெறும் ஒருவரிக் கட்டளைக்கு வேண்டாம்.

ஆகவே, இத்தொழிலில் இருக்கும் வாசகர்களே, உங்கள் முதல் வரைபடங்களையும் திருத்தங்களையும் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். நாளை ஒருவர் அதை நகலெடுத்தால், தீர்மானித்தது நீங்கள் என்பதற்கு அவையே சாட்சி.